தம் கதையைத் தாமே சொல்லுதல்

நுழையும்முன்

ஒரு சிற்றூரைப் பற்றிச் செய்தித்தாளில் வரும் செய்தியை எழுதியவர் பெரும்பாலும் அவ்வூரார் அல்லர். ஊடகம் பேசும், மக்கள் கேட்பர். நெடுங்காலமாக நிலவிவந்த இம்முறையை இணையமும் செல்பேசியும் மாற்றத் தொடங்கியுள்ளன. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் ஊடக நிறுவனங்கள் எவற்றைக் கற்றுக்கொண்டன என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

சொல்பவரும் சொல்லப்படுபவரும்

ஓர் ஊரில் குடிநீர்த் தட்டுப்பாடு ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நகரத்திலிருந்து செய்தியாளர் ஒருவர் வருகிறார். குடத்துடன் வரிசையில் நிற்கும் பெண் ஒருவரிடம் சில வினாக்களைக் கேட்கிறார். அப்பெண் அரைமணி நேரம் பேசுகிறார். அப்பேச்சிலிருந்து இரண்டு வரிகளைச் செய்தியாளர் தேர்ந்தெடுக்கிறார். அவற்றுள் ஒன்றை ஆசிரியர் நீக்குகிறார். தலைப்பை வேறொருவர் இடுகிறார். மறுநாள் செய்தி வெளிவருகிறது.

அச்செய்தியில் பொய் ஏதும் இல்லை. ஆயினும், பழுதடைந்த கைப்பம்பைச் சரிசெய்யக் கோரி மூன்று முறை மனுக் கொடுத்தும் பயனில்லை என்று அப்பெண் சொன்னது அதில் இடம்பெறவில்லை. அவருக்கு அதுவே தலையாய செய்தி. அதைத் தலையாயதென்று முடிவு செய்யும் உரிமைதான் அவரிடம் இல்லை.

இந்நிலையை மாற்ற எழுந்ததே பங்கேற்பு மின்னணுக் கதைசொல்லல். பொதுமக்கள் தம் வாழ்வில் நிகழ்ந்ததைத் தம் குரலில், தம் மொழியில், ஒளிப்படம், ஒலிப்பதிவு, காணொலி ஆகியவற்றின் துணையுடன் தாமே உருவாக்கிப் பிறருக்கு வழங்குவதை இப்பெயரால் குறிக்கிறோம். இங்குக் ‘கதை’ என்பது கற்பனையன்று; ஒருவர் தாம் கண்டதையும் பட்டதையும் எடுத்துரைப்பதாகும்.

பங்கேற்பு என்னும் சொல் ஒன்றே ஆயினும் அதற்குப் பல படிகள் உண்டு. தருதல், சொல்லுதல், முடிவு செய்தல் என்று அவற்றை மூன்றாகக் கொள்ளலாம். ஒவ்வொரு படிக்கும் உரிய சான்றை இனிக் காண்போம்.

முதற்படி: தருதல்

2005 ஆம் ஆண்டு சூலை 7 ஆம் நாள் இலண்டன் மாநகரின் சுரங்க இரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்தன. சுரங்கப் பாதைக்குள் நிகழ்ந்தவற்றைப் படம்பிடிக்கச் செய்தியாளர் எவரும் அங்கில்லை. ஆனால், பயணிகளின் கைகளில் ஒளிப்படக் கருவி பொருத்திய செல்பேசிகள் இருந்தன. அன்று ஆறு மணி நேரத்திற்குள் 1,000-க்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள், 20 காணொலித் துணுக்குகள், 4,000 குறுஞ்செய்திகள், 20,000 மின்னஞ்சல்கள் ஆகியவை பொதுமக்களிடமிருந்து பி.பி.சி. நிறுவனத்திற்கு வந்து சேர்ந்தன. புகை படர்ந்த சுரங்கப் பாதையில் பயணிகள் நடந்து வெளியேறும் காட்சியை உலகம் அவர்களுடைய செல்பேசிகள் வழியாகவே கண்டது.

இத்தகைய வரவுகளைப் பெற்று, சரிபார்த்து, பயன்படுத்துவதற்கென்றே பி.பி.சி. தன் செய்திப் பிரிவில் தனிக்குழு ஒன்றை அமைத்துக்கொண்டது. படம் உண்மையில் அவ்விடத்தில் எடுக்கப்பட்டதா, எடுத்தவர் யார், அவர் இசைவு தந்துள்ளாரா என்று ஆராய்வது அக்குழுவின் பணியாயிற்று.

இது பெரிய மாற்றமே. எனினும், இங்கு மக்கள் செய்திக்குரிய பொருளைத் தருபவராக மட்டுமே உள்ளனர். எதை ஏற்பது, எதை விடுப்பது, எவ்வாறு விளக்குவது என்பவற்றை நிறுவனமே முடிவு செய்கிறது. அணைக்குப் பல ஓடைகளிலிருந்து நீர் வந்தாலும், மதகைத் திறப்பவர் ஒருவரே அல்லவா?

இரண்டாம் படி: சொல்லுதல்

ஒருவர் தம் கதையை முழுமையாகத் தாமே சொல்ல வேண்டுமாயின், கருவி மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும். அப்பயிற்சி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றியது. டேனா ஆட்ச்லி என்னும் ஊடகக் கலைஞர், மேடையில் நெருப்பின் படம் ஓடும் திரையருகே அமர்ந்து, தம் குடும்பத்தின் பழைய ஒளிப்படங்களையும் காணொலிகளையும் காட்டித் தம் வாழ்க்கையைக் கதையாகச் சொல்லிவந்தார். அவருடன் நாடகத் துறையைச் சேர்ந்த ஜோ லாம்பர்ட் இணைந்தார். 1993 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பொதுமக்களுக்கான முதற்பயிற்சிப் பட்டறை நடைபெற்றது. அடுத்த ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் இதற்கென ஒரு மையம் நிறுவப்பட்டது.

அப்பட்டறையின் முறை எளியது. பங்கேற்போர் வட்டமாக அமர்வர். ஒவ்வொருவரும் தாம் சொல்ல விரும்பும் நிகழ்ச்சியை மற்றவர்முன் எடுத்துரைப்பர். கேட்போர், தமக்கு விளங்காத இடத்தையும் தம் மனத்தைத் தொட்ட இடத்தையும் குறிப்பிடுவர். பின்னர் அக்கதையை ஏறத்தாழ ஒரு பக்க அளவில் எழுதி, தம் குரலிலேயே பதிவு செய்வர். வீட்டிலுள்ள ஒளிப்படங்கள் சிலவற்றை அக்குரலுடன் கணினியில் இணைப்பர். இரண்டு அல்லது மூன்று நிமிடங்களில் முடியும் சிறு படம் ஒன்று உருவாகும். பயிற்றுநர் உதவுவாரேயன்றித் தாமே கதையை மாற்றார்.

இம்முறையைப் பெரிய ஊடக நிறுவனம் ஒன்று கைக்கொண்ட வரலாறு வேல்ஸ் நாட்டில் நிகழ்ந்தது. பிரித்தானியாவின் மேற்கே உள்ள வேல்ஸில் ஆங்கிலத்துடன் வேல்சு மொழியும் வழங்குகிறது. 2001 ஆம் ஆண்டு பி.பி.சி.யின் வேல்ஸ் பிரிவு, கார்டிஃப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து ‘கேப்சர் வேல்ஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. டேனியல் மெடோஸ் என்னும் ஒளிப்படக் கலைஞர் அதனை வழிநடத்தினார். இவர் 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பழைய இரட்டையடுக்குப் பேருந்து ஒன்றில் இங்கிலாந்தில் ஊர் ஊராகச் சென்று, எளிய மக்களை இலவசமாகப் படமெடுத்துக் கொடுத்தவர். அன்று படக்கருவி அவர் கையில் இருந்தது. கேப்சர் வேல்ஸ் திட்டத்திலோ கருவி மக்கள் கைக்குச் சென்றது.

திட்டக் குழுவினர் ஊர்களுக்குச் சென்று பட்டறைகளை நடத்தினர். கணினியைத் தொட்டறியாத முதியோரும் தம் கதையைத் தாமே எழுதி, பேசி, தொகுத்தனர். ஆங்கிலத்தில் மட்டுமன்றி வேல்சு மொழியிலும் கதைகள் உருவாயின. அவை இணையத்தில் வெளியிடப்பட்டன. சில தொலைக்காட்சியிலும் வானொலியிலும் இடம்பெற்றன. 2008 ஆம் ஆண்டு இத்திட்டம் நிறைவுற்றது. நிகழ்ச்சியைத் தயாரித்து மக்களுக்கு வழங்குவதைத் தன் தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம், தயாரிக்கும் திறனையே மக்களுக்குக் கற்பித்தது என்பதே இதன் சிறப்பு.

செல்பேசி வழியே ஒரு குரல்

வேல்ஸில் கணினியும் பயிற்றுநரும் இருந்தனர். மின்சாரம் அரிதாகவும் இணையம் எட்டாததாகவும் உள்ள காட்டுப்பகுதியில் என்ன செய்வது? இவ்வினாவிற்கு விடை நம் நாட்டில் கிடைத்தது.

சத்தீஸ்கர் மாநிலத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் கோண்டி மொழி பேசும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோண்டியைத் தாய்மொழியாகக் கொண்டோர் 29 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். கோண்டி, தமிழைப் போலவே திராவிட மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு, மூன்று, நான்கு என்று நாம் எண்ணுவது கோண்டியில் ரண்டு, மூண்டு, நாலுங் என்பது போல ஒலிக்கும். ஆயினும், இத்தனை இலட்சம் பேர் பேசும் மொழி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இல்லை. அம்மொழியில் செய்தித்தாள் காண்பதும் அரிது.

வானொலியைப் பயன்படுத்தலாமே என்று நீங்கள் நினைக்கலாம். காற்றலைகள் பொதுமக்களின் உடைமை என்று உச்ச நீதிமன்றம் 1995 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அதன்பின் கல்வி நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த அனுமதி பெற்றன. 2004 ஆம் ஆண்டு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா பண்பலை அவ்வகையில் முன்னோடியாகும். எனினும், சமுதாய வானொலிகள் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்ப நம் நாட்டில் அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்திகளையே அவை வழங்கலாம்.

இந்நிலையில், பி.பி.சி.யில் பணியாற்றிய இதழாளரான சுப்ரான்சு சௌத்ரி, கணினி அறிஞர்களின் துணையுடன் 2010 ஆம் ஆண்டு ‘சி.ஜி.நெட் ஸ்வரா’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். ‘ஸ்வரா’ என்பது குரல் எனப் பொருள்படும். இதற்கு எளிய செல்பேசி ஒன்றே போதும், எழுத்தறிவுகூடத் தேவையில்லை. குறிப்பிட்ட எண்ணை அழைத்துத் துண்டித்தால், கணினி திரும்ப அழைக்கும். எண் 1-ஐ அழுத்தினால் தம் செய்தியைப் பதிவு செய்யலாம். எண் 2-ஐ அழுத்தினால் பிறர் பதிவு செய்தவற்றைக் கேட்கலாம்.

பதிவாகும் செய்திகள் உடனே வெளியிடப்படுவதில்லை. பயிற்சி பெற்ற தொகுப்பாளர்கள் அவற்றைக் கேட்டு, பேசியவரைத் தொடர்புகொண்டு, விவரங்களைச் சரிபார்த்த பின்னரே வெளியிடுவர். கூலி கிடைக்கவில்லை, கைப்பம்பு பழுதாகிவிட்டது, பள்ளிக்கு ஆசிரியர் வருவதில்லை என்பன போன்ற செய்திகள் அவற்றுள் மிகுதி. பேசுபவர் தொடர்புடைய அலுவலரின் தொலைபேசி எண்ணையும் சொல்வார். கேட்டோர் பல ஊர்களிலிருந்து அவ்வலுவலரை அழைத்து, ‘இக்குறை எப்போது தீரும்?’ என்று பணிவுடன் வினவுவர். குறை தீர்ந்ததும் அதே பெண்மணியோ முதியவரோ மீண்டும் அழைத்து, அச்செய்தியையும் நன்றியையும் பதிவு செய்வர். குறைகளுடன் பாடல்களும் நாட்டுப்புறக் கதைகளும் அவ்விணைப்பில் ஒலித்தன.

இணையத்தில் வெளியான இப்பதிவுகளைக் கேட்டு, நகரத்து இதழாளர்களும் செய்தி எழுதலாயினர். முன்பு செய்தியாளர் கிராமத்தைத் தேடிச் சென்றார். இப்போது கிராமத்தின் குரல் செய்தியாளரைத் தேடிச் சென்றது.

மூன்றாம் படி: முடிவு செய்தல்

சத்தீஸ்கரில் மக்கள் பேசினர். தொகுப்பாளர் சரிபார்த்து வெளியிட்டார். செய்தி சேகரிப்போர், சரிபார்ப்போர், ஆசிரியர் ஆகிய அனைவரும் அம்மக்களே ஆயின் எவ்வாறிருக்கும்? அதற்குச் சான்று உத்தரப்பிரதேசத்தில் உள்ளது.

2002 ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் சித்திரகூடம் மாவட்டத்தில் ‘கபர் லஹரியா’ என்னும் இதழ் தொடங்கப்பட்டது. ‘செய்தி அலைகள்’ என்பது அப்பெயரின் பொருள். அப்பகுதி மக்கள் பேசும் புந்தேலி மொழியில் அது வெளிவந்தது. அதை நடத்தியோர் தலித், பழங்குடி, இசுலாமிய, பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த ஊரகப் பெண்கள். செய்தி சேகரித்தல், எழுதுதல், திருத்துதல், ஊர்தோறும் விற்றல் ஆகிய அனைத்தையும் அவர்களே செய்தனர். ‘இவர்களுக்குச் செய்தி எழுதத் தெரியுமா?’ என்று ஐயுற்ற அலுவலர்களிடமே அவர்கள் நேர்காணல் நடத்தினர். 2009 ஆம் ஆண்டு இப்பணிக்கு யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது கிடைத்தது.

சில ஆண்டுகளுக்குப் பின் அவ்விதழ் அச்சிலிருந்து இணையத்திற்கு மாறியது. எழுதுகோல் பிடித்த கைகள் திறன்பேசியில் காணொலி எடுக்கக் கற்றன. சாலை, மருத்துவமனை, சுரங்கம், பெண்களுக்கு எதிரான வன்முறை ஆகியவை குறித்த அவர்களது காணொலிகள் அம்மாவட்டத்தைக் கடந்தும் சென்றன.

இம்மாற்றத்தை ‘ரைட்டிங் வித் ஃபயர்’ என்னும் ஆவணப்படம் பதிவு செய்தது. ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் ஆகியோர் இயக்கிய அப்படம் 2022 ஆம் ஆண்டு ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. உலகமே பாராட்டிய வேளையில், கபர் லஹரியா குழுவினர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். படம் தம்மைப் பெருமைப்படுத்துவதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால், தம் பணியின் ஒரு பகுதியை மட்டுமே அது காட்டுகிறது என்றும், பகுதிக் கதை முழுமையைத் திரித்துவிடக்கூடும் என்றும் தெரிவித்தனர்.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது. நல்லெண்ணத்துடன் எடுக்கப்பட்ட படமாயினும், அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று முடிவு செய்தவர் வேறொருவர். திரைப்படக் கலைஞருக்குத் தம் பார்வையில் படம் எடுக்கும் உரிமை உண்டு. படமெடுக்கப்பட்டோருக்கும் ‘எங்கள் கதை இவ்வளவே அன்று’ என்று சொல்லும் உரிமை உண்டு. இருபது ஆண்டுகளாகத் தம் ஊடகத்தைத் தாமே நடத்தியதால்தான், அவ்வாறு சொல்லும் துணிவும், சொன்னால் பிறர் கேட்கும் மதிப்பும் அவர்களுக்கு வாய்த்தன. பேசும் வாய்ப்பைப் பிறர் கொடுக்கலாம்; பிறர் சொன்னதற்கு மறுமொழி கூறும் வலிமையைத் தாமே ஈட்ட வேண்டும்.

நிறுவனங்கள் கற்றவை

இம்மூன்று படிகளிலிருந்தும் ஊடக நிறுவனங்கள் சிலவற்றைக் கற்றுக்கொண்டன.

முதலாவது, மெய்ம்மை காணல். பலர் பேசும்போது பொய்யும் கலந்து வரும். எனவே, வாயிலைக் காத்து நின்ற ஆசிரியரின் பணி ஒழிந்துவிடவில்லை. வேறு வடிவம் பெற்றது. ‘யாரைப் பேசவிடுவது?’ என்று கேட்டவர், ‘பேசியது உண்மையா?’ என்று கேட்கத் தொடங்கினார்.

இரண்டாவது, மொழி. மக்கள் தம் மொழியில் பேசும்போதே தம் நிலையை முழுமையாக விளக்குகின்றனர். வேல்சு, கோண்டி, புந்தேலி ஆகியவற்றில் பிறந்த கதைகள் இதனை மெய்ப்பித்தன.

மூன்றாவது, பொறுப்பு. தம் பெயரைச் சொல்லிக் குறை கூறும் எளியவருக்குத் தீங்கு நேரலாம். கதையை வெளியிடும் நிறுவனம் அவரது பாதுகாப்பையும் எண்ண வேண்டும். இசைவின்றி ஒருவரது முகத்தையோ துயரத்தையோ காட்டுவது கதைசொல்லல் அன்று, அத்துமீறல்.

இன்னும் மாறாதவையும் உண்டு. மக்கள் அனுப்பும் காணொலிகளை இலவசமாகப் பெற்று, அவர்தம் பெயரைக்கூடக் குறிப்பிடாமல் வெளியிடும் போக்கு நீங்கவில்லை. தருவதற்கு மட்டும் மக்களை அழைத்து, முடிவு செய்யும்போது அவர்களை ஒதுக்கினால், அது முழுமையான பங்கேற்பு ஆகாது.

நம் கைக்கு எட்டும் பணி

மாணவர்களே! நீங்கள் வாழும் ஊர் தில்லியாகவோ, புணேயாகவோ, போபாலாகவோ இருக்கலாம். வீட்டில் தமிழும் வெளியில் பிறமொழியும் பேசி வளர்கிறீர்கள். உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ இவ்வூருக்கு வந்த கதை எந்தச் செய்தித்தாளிலும் வந்திராது. முதன்முதலாக இரயிலைவிட்டு இறங்கிய நாள், மொழி தெரியாமல் கடையில் பொருள் வாங்கிய நாள், வாடகைக்கு வீடு தேடி அலைந்த நாள் ஆகியவை அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. அவற்றைக் கேட்டுப் பதிவு செய்ய ஒரு திறன்பேசியும், பொறுமையாகக் கேட்கும் செவியும் போதும். ஆனால், கதை அவர்களுடையது என்பதை மறவாதீர்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

சொல்லும் பொருளும்

பட்டறை – செய்து பழகும் பயிற்சிக் கூட்டம்
இசைவு – சம்மதம்
மதகு – நீரைத் திறந்துவிடும் வாயில்
மெய்ம்மை – உண்மை
திரித்தல் – உள்ளதை மாற்றிக் கூறுதல்
ஈட்டுதல் – முயன்று பெறுதல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ‘கதை’ என்னும் சொல் இப்பாடத்தில் எப்பொருளில் வருகிறது?
2. சி.ஜி.நெட் ஸ்வராவில் ஒருவர் தம் செய்தியை எவ்வாறு பதிவு செய்வார்?
3. கோண்டி மொழிக்கும் தமிழுக்கும் உள்ள உறவு யாது?

ஆ. சுருக்கமாக விடை தருக.
1. தருதல், சொல்லுதல், முடிவு செய்தல் ஆகிய மூன்று படிகளையும் ஒவ்வொரு சான்றுடன் விளக்குக.
2. பாராட்டுப் பெற்ற ஆவணப்படத்தைக் குறித்துக் கபர் லஹரியா குழுவினர் அறிக்கை வெளியிட்டது ஏன்? அது சரியென்று கருதுகிறீரா? காரணம் தருக.

இ. செய்து பார்ப்போம்.
உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் இவ்வூருக்கு வந்த முதல் நாளைப் பற்றிக் கேளுங்கள். அவர் இசைவுடன் அவர் குரலை இரண்டு நிமிட அளவில் பதிவு செய்யுங்கள். பொருத்தமான ஒளிப்படங்கள் மூன்றைச் சேருங்கள். வகுப்பில் வழங்கும் முன் அவருக்குப் போட்டுக் காட்டி, அவர் நீக்கச் சொல்வதை நீக்குங்கள். சேர்க்கச் சொல்வதைச் சேருங்கள்.